குவேசார் கண் சிமிட்டினால்: ரேடியோ மிளிர்வை அளந்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

1996 ஜூன் மாதம். ஆஸ்திரேலியாவில் நராப்ரை ஊருக்குப் பக்கத்தில் உள்ள ‘காம்பாக்ட் அரே’ என்ற ரேடியோ தொலைநோக்கி, பி.கே.எஸ். 0405-385 என்ற குவேசாரை, அதாவது வெகுதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவில் கருந்துளையால் பிரகாசிக்கும் மையத்தை, பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய அலை நம்மிடம் வந்து சேர எண்ணூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு பொருள், ஒரு மணி நேரத்துக்குள் 50 சதவீதம் வரை ஏறி இறங்கியது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாறிவிடுகிற குவேசார்!

இப்படி வேகமாக மினுக்கும் ரேடியோ மூலம் ஒன்று கையில் கிடைத்தால் அதை எப்படி அளப்பது, பொய்யான மினுக்கலை எப்படிக் களைவது, மினுக்குவது குவேசாரா நடுவில் இருக்கும் எதுவோவா என்று எப்படித் தீர்மானிப்பது, கடைசியில் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று ஒவ்வொரு படியாகப் போகலாம். பிளஸ் டூ இயற்பியல் நினைவிருந்தால் போதும். சொந்தமாக டிஷ் எதுவும் வேண்டாம். பெரிய தொலைநோக்கிகளின் பழைய பதிவுகள் ஆவணக் கிடங்குகளில் திறந்தே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் ‘காசா’ மென்பொருளும் இலவசம்.

தொடங்குவதற்கு முன்: மூன்று அடுக்கு மினுக்கல்

நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது. சின்ன வயதில் மொட்டை மாடியில் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நட்சத்திரம் ஒரு புள்ளி. காற்றில் சூடும் குளிருமான திட்டுகள் அந்தப் புள்ளியின் ஒளியை அங்குமிங்கும் வளைத்துவிடுகின்றன. கோளுக்கு ஒரு வட்டம் உண்டு. அந்த வட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக மினுக்கி, ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகிறது.

ரேடியோ அலைக்கும் இதே கதைதான். என்ன, காற்றின் இடத்தில் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு. நம் காற்று முதல் அடுக்கு என்றால், சூரியனிலிருந்து கிளம்பி ஓடும் சூரியக் காற்று இரண்டாவது. 1964-இல் கேம்பிரிட்ஜில் ஆண்டனி ஹீவிஷும் அவருடைய குழுவினரும் இந்த மிளிர்வை அறிவித்தார்கள். அதை அளப்பதற்காகக் கட்டிய ஆன்டெனா வயலில்தான் 1967-இல் ஜோஸ்லின் பெல் முதல் பல்சரை, அதாவது சீராகத் துடிக்கும் ரேடியோ நட்சத்திரத்தை, கண்டார். நம் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு 1970-இல் முடித்த தொலைநோக்கியும் இந்த வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி சாய்ந்திருப்பதால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக விழுகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கட்டடத்துக்கு ஏற்ற சரிவைத் தேடிக் கண்டுபிடித்த அந்த யோசனைக்கு நான் பரம ரசிகன்.

மூன்றாவது அடுக்கு விண்மீன்களுக்கு இடையில் இருக்கும் பிளாஸ்மா. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். ஆனால் மூன்றையும் ஒரே சூத்திரம் ஆள்கிறது என்பதால் அதை இப்போதே கையில் எடுத்துக்கொள்வோம்.

வெயில் நேரத்தில் தண்ணீர்த் தொட்டியின் அடியைப் பார்த்திருப்பீர்கள். மேலே சிற்றலை, அடியில் வலை வலையாக ஒளிக்கோடுகள் நெளியும். பிளாஸ்மாவும் ரேடியோ அலையால் இப்படி ஒரு வலையை விரிக்கிறது; அலையை வளைக்கும் அந்தப் பிளாஸ்மா அடுக்கைத் திரை என்போம். அந்த வலைக்கண்ணின் அளவு தோராயமாக எவ்வளவு? அலைநீளத்தைத் திரை இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள், 6.28-ஆல் வகுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். இதற்கு ஃபிரெனல் அளவு என்று பெயர். அந்த வலை நம்மைக் கடக்கும் வேகத்தால் இதை வகுத்தால் ஒரு மினுக்கலுக்கு ஆகும் நேரம் வந்துவிடும்.

ஊட்டிக்குப் போட்டுப் பார்க்கலாம். அலைநீளம் 92 சென்டிமீட்டர், தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள 15 கோடி கிலோமீட்டர். விடை சுமார் 150 கிலோமீட்டர். சூரியக் காற்று நொடிக்கு 400 கிலோமீட்டர் ஓடினால் அரை நொடிக்குள் ஒரு மினுக்கல். இப்போது விண்மீன் வெளிக்குப் போவோம். அலைநீளம் 6 சென்டிமீட்டர், திரை 10 பார்செக் தூரத்தில், அதாவது 32 ஒளியாண்டுகள் தள்ளி. விடை சுமார் 54,000 கிலோமீட்டர். நொடிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் 18 நிமிடம். அந்த 18 நிமிடத்தை மனதில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

முதல் படி: எந்த மூலம், எந்த அலைவரிசை

மினுக்க வேண்டுமானால் மூலம் சின்னதாக இருக்க வேண்டும். ரேடியோ வானத்தில் பெரிய மேகங்களைப் போல விரிந்து கிடக்கும் விண்மீன் மண்டலங்கள் இதற்கு உதவாது. அலைவரிசை மாறினாலும் ஒளிர்வு ஏறக்குறைய ஒரே அளவாக நிற்கும் ‘தட்டையான நிறமாலை’ மூலங்களைத் தேடுங்கள். அவை பெரும்பாலும் குவேசார்களும், தாரை நம்மை நோக்கியிருக்கும் பிளேசார்களும்; கருந்துளையிலிருந்து கிளம்பும் தாரையின் அடிவாரத்தைத்தான் அங்கே பார்க்கிறோம்.

அலைவரிசைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 6 சென்டிமீட்டர் அலைநீளம், நல்ல இடம். அதற்குக் காரணம் இருக்கிறது. நம் பால்வீதியின் தளத்தை விட்டு விலகிப் பார்த்தால், 3 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில்தான் விண்மீனிடைப் பிளாஸ்மா அலையைப் பலமாகச் சிதறடிப்பதிலிருந்து லேசாக வளைப்பதற்கு மாறுகிறது. அந்த எல்லையில் மினுக்கல் உச்சத்தில் இருக்கும். அதற்கு மேலே போகப் போக மினுக்கல் மெலியும். கீழே போனால் வேகம் குறைந்து நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இழுக்கும்.

எவ்வளவு பேர் மினுக்குகிறார்கள்? 2002-லும் 2003 தொடக்கத்திலும் அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கியில் ‘மாசிவ்’ என்ற கணக்கெடுப்பு நடந்தது. 443 மூலங்களை நான்கு தடவை பார்த்ததில், பாதிக்கும் மேற்பட்டவை ஒரு தடவையாவது இரண்டு நாளுக்குள் 2 முதல் 10 சதவீதம் வரை மாறின. ஆக, சில சதவீத மினுக்கல் சர்வ சாதாரணம். மணிக்கணக்கில் பெரிதாக ஆடுபவை மிக மிக அபூர்வம்; விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டாம் படி: அளக்கும் முறை

மினுக்கல் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியிலாவது ஓர் அளவு வேண்டும். 18 நிமிட மினுக்கலை மணிக்கு ஒரு தடவை அளந்தால் வெறும் புள்ளிக் குப்பைதான் மிஞ்சும். குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து பாருங்கள். இரண்டு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டாவது நாள் எதற்கு என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

நம் மூலத்தோடு சேர்த்து, மாறாத மூலம் ஒன்றையும் அடிக்கடி எட்டிப் பார்த்தபடி இருக்க வேண்டும். இதைக் கேலிப்ரேட்டர் என்பார்கள். தெற்கு வானத்தில் பி.கே.எஸ். 1934-638, வடக்கில் 3சி 286 ஆகியவை பேர்போன படிக்கற்கள். மளிகைக் கடைத் தராசுக்கு எடைக்கல் மாதிரி.

மூன்றாம் படி: பொய் மினுக்கலைக் களைதல்

பாதி வேலை இங்கேதான். அவசரப்பட்டுத் தாண்டிப் போகிறவர்கள் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

முதலில் டிஷ். அது எஃகுதான், ஆனாலும் தன் எடைக்குத் தானே கொஞ்சம் தொய்கிறது. தலைக்கு மேலே பார்க்கும்போது ஒரு வடிவம், தொடுவானத்தைப் பார்க்கும்போது வேறொரு வடிவம். அதனால் மூலம் உதித்து ஏறி இறங்கும்போது ஒளிர்வும் ஏறி இறங்குவது போலத் தெரியும். அடுத்து குறி தவறுதல். வெயில் ஒரு பக்கம் பட்டுத் தாங்கிகள் சூடேறினால் டிஷ் இம்மியளவு வேறு பக்கம் பார்க்கும், ஒளிர்வு குறையும். எஃபெல்ஸ்பெர்கின் 100 மீட்டர் டிஷ் போன்ற ஒற்றைத் தொலைநோக்கியில் வேலை செய்பவர்கள், மூலத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவை போல ஓட்டி அளப்பது இதற்காகத்தான். உச்சி எங்கே விழுந்தது என்று தெரிந்தால் குறி தவறிய அளவைத் திருத்திவிடலாம்.

பல டிஷ்கள் சேர்ந்த அணியில் வேறொரு வம்பு. மூலத்துக்குப் பக்கத்தில் மங்கலாக விரிந்த ஏதாவது இருந்தால், பூமி சுழலச் சுழல அணி அதை வேறு வேறு கோணத்தில் பார்க்கும். மாறாத ஒன்று மாறுவது போலத் தோன்றும்.

இரண்டாவது நாள் இதற்குத்தான். நட்சத்திர நாள் என்பது 23 மணி 56 நிமிடம். முதல் நாள் கண்ட ஏற்ற இறக்கம் மறுநாள் நான்கு நிமிடம் முன்னதாக அச்சு அசலாக அப்படியே திரும்பி வந்தால், அது வானத்தின் விளையாட்டே இல்லை. கருவியும் கோணமும் சேர்ந்து செய்த வேலை. உண்மையான மினுக்கல் ஒரு நாளைப் போல மறுநாள் இருக்காது. என் முதல் ‘கண்டுபிடிப்பு’ இந்தச் சோதனையில்தான் மண்ணைக் கவ்வியது. ஆவணக் கிடங்கிலிருந்து இறக்கிய பதிவில் அழகான அலை ஒன்று வந்தது. நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் பதிவை மேலே போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று, தையல் மாதிரி கச்சிதம்.

எல்லாவற்றையும் விட நுட்பமான பொறி ஒன்று உண்டு. அணியின் ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் அலையின் முகடு எப்போது வந்து சேர்கிறது என்பதைக் கட்டம் (phase) என்பார்கள். அதைச் சரிசெய்ய, நம் மூலத்துக்குப் பக்கத்திலேயே பிரகாசமாக, சின்னதாக இருக்கும் ஒரு துணை மூலத்தை எடுப்போம். பிரகாசமாக, சின்னதாக என்றால்? அதுவும் ஒரு குவேசார். அதுவும் மினுக்கும்! அதன் ஒளிர்வை மாறாதது என்று நம்பி நம் மூலத்தைத் திருத்தினால், துணையின் மினுக்கல் தலைகீழாக நம் மூலத்தில் ஏறிக்கொள்ளும். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆகவே துணை மூலத்தைக் கட்டத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அளவுக்கு உண்மையான படிக்கல்லை நம்புங்கள். கையில் மூன்று நான்கு மூலங்கள் இருந்தால் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஆடினால் குற்றவாளி தொலைநோக்கி. ஒன்று மட்டும் ஆடினால் அடுத்த படிக்குப் போகலாம்.

நான்காம் படி: மினுக்கலுக்கு எண் கொடுத்தல்

கணக்கைக் கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்தால்தான் மென்பொருள் என்ன செய்கிறது என்பது விளங்கும். பாடத்துக்காக நானே எழுதிய எட்டு அளவுகள் இதோ, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக, மில்லி ஜான்ஸ்கியில் (ஜான்ஸ்கி என்பது ரேடியோ ஒளிர்வின் அலகு; மில்லி என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு):

200, 212, 221, 216, 204, 196, 193, 199.

சராசரி 205. சராசரியிலிருந்து விலகும் திட்ட விலக்கம் 9.4. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 4.6 சதவீதம். இதுதான் ஏற்றத்தாழ்வுக் குறியீடு. படிக்கல்லுக்கும் இதே கணக்கைப் போடுங்கள், அதில் 0.5 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கருவியின் பங்கு. இரண்டின் வர்க்கங்களையும் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, மூன்றால் பெருக்குவது எஃபெல்ஸ்பெர்க் குழுவினரின் பழைய வழக்கம். நமக்கு 13.7 சதவீதம் வருகிறது. உறுதியான மினுக்கல்.

அடுத்து வேகம். இதற்கு ‘ஸ்ட்ரக்சர் ஃபங்ஷன்’ என்ற எளிய கருவி இருக்கிறது. பெயர்தான் பயமுறுத்தும். பத்து நிமிட இடைவெளியில் இருக்கும் ஒவ்வொரு ஜோடியையும் எடுங்கள்: 12, 9, -5, -12, -8, -3, 6 என்று வித்தியாசங்கள் வரும். ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால் 72. இருபது நிமிட இடைவெளிக்கு அதையே செய்தால் 213. முப்பதுக்கு 300, நாற்பதுக்கு 336. இடைவெளி கூடக் கூட எண் ஏறி, ஒரு கட்டத்தில் திட்ட விலக்க வர்க்கத்தின் இரு மடங்கைத் தொடும். இங்கே அது 178. பத்துக்கும் இருபதுக்கும் நடுவில், சுமார் 18 நிமிடத்தில் அதைத் தொட்டுவிடுகிறோம். (18 என்று வருகிற மாதிரி வேண்டுமென்றேதான் எழுதினேன்.)

கொஞ்சம் பொறுங்கள். நாற்பது நிமிடத்தில் 336 என்பது 178-ஐவிட ரொம்ப அதிகம் இல்லையா? எட்டே எட்டு அளவை வைத்துப் போட்டால் அப்படித்தான் வரும். முழுதாக ஓர் ஏற்ற இறக்கம்கூட இதில் முடியவில்லை. குறைந்தது பத்துப் பதினைந்து ஏற்ற இறக்கமாவது பதிவில் இருந்தால்தான் நேர அளவை நம்ப வேண்டும்.

ஐந்தாம் படி: அந்த அசாத்தியமான வெப்பநிலை

மினுக்கல் உண்மை. வேகமும் தெரியும். இப்போது குவேசாரே உள்ளுக்குள் இப்படி மாறுகிறது என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்போம். 0405-385-ஐப் போல, ஒரு மணி நேரத்தில் 1 ஜான்ஸ்கி அளவு மாறுகிற மூலத்தை எடுப்போம்.

ஒரு பொருள் ஒரு மணி நேரத்தில் முழுசாக மாற வேண்டுமானால், அதன் குறுக்களவு ஒளி ஒரு மணி நேரத்தில் போகும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 108 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து வியாழனைத் தாண்டினாலும் சனியை எட்டாத தூரம். குவேசாரின் தூரத்திலிருந்து பார்த்தால் இதன் கோணம் ஒரு மைக்ரோ ஆர்க்செகண்டில் ஆயிரத்தில் நான்கு பங்கு. (ஒரு டிகிரியை 3600-ஆல் வகுத்தால் ஆர்க்செகண்ட்; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ ஆர்க்செகண்ட்.) இவ்வளவு சின்ன இடத்திலிருந்து இவ்வளவு ரேடியோ வெளிச்சம் வர வேண்டுமானால் அது எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? 5 கிகாஹெர்ட்ஸில் போட்டால் 10²¹ கெல்வினுக்கும் மேல் வருகிறது.

இது ஏன் நடக்காது? 1969-இல் கெல்லர்மேனும் பாலினி-டோத்தும் ஒரு வரம்பைக் காட்டினார்கள். எலக்ட்ரான்களின் கூட்டம் 10¹² கெல்வினைத் தாண்டிப் பிரகாசித்தால், அவை உமிழும் ரேடியோ ஃபோட்டான்கள் மேலேயே அவை மோதி, எக்ஸ்-கதிராக்கி, தம் ஆற்றலைச் சீக்கிரமே கொட்டித் தீர்த்துவிடும். தன் வெளிச்சத்தாலேயே தான் குளிர்ந்துபோகும் விளக்கு. அதனால் 10¹²-க்கு மேல் நீண்ட நாள் நிற்க முடியாது.

தாரை நம்மை நோக்கி ஒளிக்கு நெருக்கமான வேகத்தில் பாய்ந்தால் ஒளிர்வு கூடித் தெரியும், நேரமும் சுருங்கித் தெரியும். மார்ட்டின் ரீஸ் 1966-லேயே சொன்னது இது. எத்தனை மடங்கு சுருங்கித் தெரிகிறது என்பதுதான் டாப்ளர் காரணி. மாறுதலிலிருந்து கணக்கிட்ட வெப்பநிலை அந்தக் காரணியின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு ஏற்பப் பெருகும். ஆனால் 10²¹-ஐ 10¹²-க்கு இறக்க டாப்ளர் காரணி 1000 வேண்டும். தாரைகளை நேரடியாகப் படம் பிடித்துப் பார்த்ததில் கிடைப்பது பத்துகளில்தான். ஆயிரத்துக்கு எங்கே போவது?

1980-களின் கடைசியில் இந்த இடத்தில்தான் துறையே இரண்டாகப் பிரிந்து நின்றது. ஹீஷன் 1984-இல் கிரீன் பேங்கின் 300 அடி டிஷ்ஷில் சில சதவீத ‘ஃபிளிக்கரிங்’கைக் கண்டதில் தொடங்கிய சச்சரவு இது. (அந்த டிஷ் 1988 நவம்பரில் ஒரு ராத்திரி தானாகவே சரிந்து விழுந்தது. மினுக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) குவேசாரே மாறுகிறது என்பது ஒரு கட்சி, நடுவில் இருக்கும் பிளாஸ்மா மாற்றுகிறது என்பது மற்றொரு கட்சி.

ஆறாம் படி: மினுக்குவது யார்?

தீர்ப்புச் சொல்லும் சோதனைகளில் இரண்டு முக்கியமானவை. இரண்டும் ஒரே கருத்திலிருந்து பிறந்தவை: மினுக்கல் குவேசாரில் நடந்தால் பூமி எங்கே இருக்கிறது, எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இருக்காது. நடுவில் இருக்கும் திரையில் நடந்தால், தொட்டியின் அடியில் நெளியும் வலைபோல ஒளியும் நிழலும் விண்வெளியில் விரிந்து கிடக்கும். அதற்குள் நாம் ஓடிக்கொண்டிருப்போம்.

முதல் சோதனை, ஆண்டுச் சுழற்சி. பூமி சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. திரையும் தன் பாட்டுக்கு ஏதோ ஒரு பக்கம் போகிறது. ஆண்டின் ஒரு பாதியில் நாம் அதற்கு எதிரே ஓடுகிறோம், மறு பாதியில் அதோடு கூடவே ஓடுகிறோம். எதிரே ஓடும்போது மினுக்கல் வேகமாகும், கூட ஓடும்போது மந்தமாகும். பஸ்ஸில் போகும்போது எதிர்த்திசையில் வரும் லாரி பறப்பதும், கூடவே வரும் லாரி நின்றபடி தெரிவதும் போலத்தான். 0917+624 என்ற குவேசார் 1998 செப்டம்பரில் திடீரென்று மந்தமானபோது, அதன் உள்ளே ஏதோ மாறிவிட்டது என்றே முதலில் நினைத்தார்கள். பிறகு பார்த்தால், அந்த மாதத்தில் பூமியின் ஓட்டமும் பிளாஸ்மாவின் ஓட்டமும் ஒத்துப்போகின்றன! ஜே1819+3845, பி.கே.எஸ். 1257-326 ஆகிய இரண்டிலும் இந்தச் சுழற்சி வருடா வருடம் தவறாமல் திரும்பி வந்தது.

செய்முறை: மாதத்துக்கு ஒரு தடவையாவது, குறைந்தது ஓர் ஆண்டு முழுக்க, நான்காம் படியின் நேர அளவைக் கணக்கிட்டு மாதத்துக்கு எதிராகப் புள்ளி வையுங்கள். இரண்டாம் ஆண்டும் அதே வடிவம் வந்தால் குவேசார் நிரபராதி.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மூலத்தை ஒரே நேரத்தில் வெகுதூரத்திலுள்ள இரண்டு தொலைநோக்கிகள் பார்ப்பது. 0405-385-ஐ ஆஸ்திரேலியாவின் காம்பாக்ட் அரேயும் அமெரிக்காவின் வி.எல்.ஏ.யும் சேர்ந்து பார்த்தன. நடுவே பூமியைத் துளைத்துக் கோடு போட்டால் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். இரண்டிலும் ஒரே வடிவம், ஆனால் ஒன்றில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பிந்தி வந்தது. 1257-326-இல் அந்தத் தாமதம் எட்டு நிமிடம் வரை போனது. ஜே1819+3845-ஐ ஹாலந்தின் வெஸ்டர்போர்க்கும் வி.எல்.ஏ.யும் பார்த்தபோதும் நிமிடக் கணக்கில் தாமதம் கிடைத்தது.

இதன் அழுத்தத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒளி 10,000 கிலோமீட்டரைக் கடக்க நொடியில் முப்பதில் ஒரு பங்குதான் ஆகும். மாற்றம் குவேசாரில் நடந்திருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே கணத்தில் தெரிந்திருக்கும். எட்டு நிமிடத் தாமதம் என்றால், நொடிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏதோ ஒரு நிழல் பூமியின் மேல் ஊர்ந்து போயிருக்கிறது. மேக நிழல் பக்கத்து வயலைத் தொட்டுவிட்டு நம் வயலுக்கு வருவது போல. சண்டை அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம், குறைந்தபட்சம் மணிக்கணக்கு மினுக்கலைப் பொறுத்தவரை.

ஓர் எச்சரிக்கை. தூரத்தைத் தாமதத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இந்த நிழல்வலை வட்ட வட்டமாக இருப்பதில்லை. நீள நீளமான பட்டைகளாக இழுபட்டிருக்கிறது. 1257-326-இல் நீளம் அகலத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கரைக்குச் சாய்வாக வரும் அலையின் முகடு கரையோரமாக விறுவிறுவென்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அலையின் உண்மை வேகம் அதைவிடக் குறைவு. அதே குழப்பம் இங்கேயும் வரும். பல தேதிகளில் தாமதத்தை அளந்து, ஆண்டுச் சுழற்சியோடு சேர்த்துப் பொருத்தினால்தான் பட்டையின் திசையும் வேகமும் பிரிந்து கிடைக்கும்.

விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். 1990 பிப்ரவரியில் 0716+714 என்ற பிளேசாரை ரேடியோவிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டும் சேர்ந்தே மாறின. பிளாஸ்மா ரேடியோவை மட்டும்தான் வளைக்கும், ஒளியை அசைக்காது. அப்படியானால் ஒரு பகுதி மாற்றமாவது உள்ளிருந்து வந்திருக்க வேண்டும். நாள்கணக்கில் மாறும் மூலங்களில் இரண்டும் கலந்திருக்க வாய்ப்புண்டு. உங்கள் மூலம் அப்படிப்பட்டது என்றால், ஒளித்தொலைநோக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவரையும் அதே இரவில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: மினுக்கலிலிருந்து அளவு

தொந்தரவாக வந்த திரை இங்கே கருவியாகிவிடுகிறது. ஃபிரெனல் அளவைத் திரையின் தூரத்தால் வகுத்தால் ஒரு கோணம் வரும். மூலம் அந்தக் கோணத்துக்குள் அடங்கினால் முழுசாக மினுக்கும். அதைவிடப் பெரிதாக இருந்தால் கோளைப் போல மினுக்கல் மழுங்கும், மந்தமாகும். 10 பார்செக் திரைக்கு 54,000 கிலோமீட்டரை வைத்துப் போட்டால் 36 மைக்ரோ ஆர்க்செகண்ட். நிலாவில் கிடக்கும் ஒரு டென்னிஸ் பந்தை இங்கிருந்து பார்க்கும் கோணம் அது! பூமி முழுக்கத் தொலைநோக்கிகளை இணைத்தாலும் 6 சென்டிமீட்டர் அலையில் இதைப்போல முப்பது மடங்கு பெரிய கோணத்தைத்தான் பிரித்தறிய முடியும்.

நம் 0.2 ஜான்ஸ்கி மூலம் இந்த 36-க்குள் அடங்கியிருக்கிறது என்றால் அதன் வெப்பநிலை? சுமார் 10¹³ கெல்வின். 10²¹ எங்கே, 10¹³ எங்கே! கூடவே கணக்கும் மாறிவிட்டது: இது மாறுதல் வேகத்திலிருந்து வந்ததல்ல, நேரே கோண அளவிலிருந்து வந்தது. இதற்கு டாப்ளர் காரணி கனமாகப் பெருக்காது, ஒற்றை மடங்குதான். பத்துப் பதினைந்து இருந்தால் போதும், கெல்லர்மேன் வரம்புக்குள் வந்துவிடலாம். தாரைகளில் நாம் காண்கிற வேகங்களுக்கு அது ஒத்துப்போகிறது.

இந்தப் படியில் எல்லாமே திரையின் தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. 0405-385-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திரை வெகுதூரத்தில் இருக்கிறது என்று முதலில் எண்ணியபோது 10¹⁴-ஐத் தாண்டி வந்த வெப்பநிலை, திரை 25 பார்செக் பக்கத்தில்தான் இருக்கிறது என்று ரிக்கெட்டின் குழு 2002-இல் காட்டியதும் 10¹³ அளவுக்கு இறங்கியது. அதனால் அளவை எழுதும்போது எந்தத் தூரத்தை வைத்துப் போட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எட்டாம் படி: நின்றுபோனால்

மினுக்கல் ஒருநாள் நின்றும்போகலாம். 0405-385 ஓரிரு மாதம் ஆடிவிட்டு அடங்கியது, 1998 கடைசியில் திரும்ப ஆடியது. ஜே1819+3845-இன் கதை இன்னும் விசித்திரம். 1999-இல் வெஸ்டர்போர்க்கில் டெனட்-தோர்ப்பும் டி ப்ரைனும் கண்டபோது அது ஒரு மணி நேரத்துக்குள் நான்கு மடங்குக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் இடைவிடாமல் ஆடிய அது, 2007 வாக்கில் பார்த்தபோது சப்பென்று அடங்கியிருந்தது. ஒளிர்வு அப்படியே இருக்கிறது, துடிப்பு மட்டும் இல்லை. நமக்கும் அதற்கும் நடுவே இருந்த பிளாஸ்மாத் துண்டு நகர்ந்து விலகிவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு அடர்த்தியாக, இவ்வளவு நீள இழைகளாகப் பிளாஸ்மா இருக்க வேண்டிய காரணம் எதுவும் பழைய பாடங்களில் இல்லை. 2017-இல் மார்க் வாக்கரின் குழு ஒரு யோசனையை முன்வைத்தது: வானத்தில் ஜே1819+3845 இருப்பது வேகாவுக்கு, அதாவது நம் அபிஜித் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். சூடான நட்சத்திரங்களைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன வாயுக் கட்டிகளின் தோல் அயனியாகி இழைகளாக நீள்கிறது, அவைதான் திரை என்றார்கள். இடிக்கிற இடமும் உண்டு. வேகா 7.7 பார்செக்கில் இருக்கிறது. அந்த மூலத்தின் திரைக்கு டி ப்ரைனும் மெக்வார்ட்டும் கணக்கிட்டதோ 1 முதல் 2 பார்செக்.

இன்னொரு ஜோடி இதைவிடச் சுவாரசியம். பி.கே.எஸ். 1322-110 என்ற வேக மினுக்கி, ஸ்பைகாவிலிருந்து வெறும் 8.5 ஆர்க்மினிட் தள்ளி இருக்கிறது. நிலா வட்டத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்பைகா என்றால் நம் சித்திரை நட்சத்திரம். சித்திரை மாத இரவில் மாடிக்குப் போனால் தெற்கே நீல வெள்ளையாகத் தெரியும். அதையொட்டி, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குவேசார். பயிற்சிக்கு ஒரு மூலம் வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். காம்பாக்ட் அரேயின் ஆவணக் கிடங்கில் 1322-110 என்று தேடுங்கள், 2017-லிருந்து பாருங்கள், மறக்காமல் இரண்டாவது நாளின் பதிவையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.